ராத்திரியில் கை மரத்துப்போகிறதா? யூரிக் அமிலத்தையும் கவனியுங்கள்!

மாமல்லபுரத்தில் எந்தச் சிற்பக்கூடத்தைக் கடந்தாலும் உளிச்சத்தம் கேட்கும். 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கற்சிற்பங்களுக்குக் கல்லைவிட முக்கியமான முதலீடு, சிற்பியின் மணிக்கட்டு. அது ராத்திரியில் மரத்துப்போய் தூக்கத்தைக் கெடுத்தால், 'வேலை அதிகம்' என்று கையை உதறிவிட்டுப் படுத்துவிடுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. அங்கே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். இதுவே 'கார்பல் டனல் சிண்ட்ரோம்'.

உளி, சுத்தியல், அதிரும் கட்டிங் மெஷின் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடும் காரணமாகலாம். அரிதாக, கவுட் எனும் மூட்டுநோயும் இதைச் செய்யும். ரத்தத்தில் யூரிக் அமிலம் பல வருடங்கள் கூடியே இருந்தால், உப்புப் படிகங்களாக மாறி தசைநாண்களில் படியும்; கட்டியாகவும் திரளும். சுரங்கத்தில் இடம் குறையும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிவிடும். கூடவே, கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கிய அனுபவம் உண்டென்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை, யூரிக் அமிலப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் செய்து காரணத்தைப் பிரித்தறிவார்கள்.

என்ன சிகிச்சை?

இரவில் மணிக்கட்டுப் பட்டை உதவும். கவுட் உறுதியானால், யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க மாத்திரை தருவார்கள். வலி போனதும் நாமாக நிறுத்தக் கூடாது. நசுக்கம் கடுமையாக இருந்தால் அறுவை சிகிச்சை.

கடலோரத்தில் மீனை விடச் சொல்ல முடியுமா? வேண்டாம். கவுட் இருப்பவர்கள் நெத்திலி, மத்தி, ஈரலைக் குறைத்தால் நல்லது. பீரைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. ஆனால், பத்தியம் மாத்திரைக்கு மாற்றல்ல.

மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கியே நாளைக் கடத்தாதீர்கள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து, பிடி தளர ஆரம்பித்துவிட்டால் இழந்த பலம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை, கை முக்கியம்!