இடுப்பு மாற்றிய பிறகு

நமக்குத் தெரிந்த தோட்டமொன்றில் நடந்தது. மேட்டு நிரையில் பால் வாளியோடு சறுக்கி விழுந்த ஓர் அம்மாளுக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் செயற்கை இடுப்பு வைத்தார்கள். ரணசிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீடு திரும்பிய மூன்றாம் வாரம், மணைப்பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துவிட்டு எழுந்தபோது மூட்டு நழுவிவிட்டது. உருவிவிடும் ஒருவரை அழைத்துக் காலை இழுக்கச் சொன்னார்கள் வீட்டார். அந்தக் கொடுமையை எழுத நமக்கு மனமில்லை.

வைத்தியத்தைக் குறை சொல்ல வரவில்லை. 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான் சார்ன்லி உலோகத் தண்டும் பாலிதீன் கிண்ணமும் பொருத்திய நாள் முதல், இச்சிகிச்சை லட்சோப லட்சம் பேரை நடக்க வைத்திருக்கிறது. அதற்கு முன் அவரே வைத்துப் பார்த்த டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்துபோய், நோயாளிகளை மறுபடி கத்திக்கு உட்படுத்த நேர்ந்ததும் உண்டு. எந்த மூட்டும் நாளடைவில் தேயலாம், தளரலாம்.

ஆனால் முதல் சில வாரங்களே பெரிய கண்டம். நம்மவர் வாழ்வோ குந்துவதிலேயே கழிகிறது: கீழ்வெட்டு மரத்தில், கழிவறையில், பந்தியில், பூசையில். முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி உட்காராதே, காலைக் குறுக்கே போடாதே என்று டாக்டர் சொன்னால் அது வெறும் பேச்சல்ல. திடீர் வலியுடன் கால் குட்டையாகித் திரும்பிக் கிடந்தால் யாரும் தொட வேண்டாம்; ஆம்புலன்சை அழையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அக்கட்டி நுரையீரலுக்கு ஏறினால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், உயிரும் போகும். இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மருந்தை, நடக்க முடிகிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். காயத்தில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் கண்டாலோ தைலம் பூசி மறைக்காதீர்கள். நீரிழிவுக்காரர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் கிருமி பற்றும் அபாயம் அதிகம். ஆண்டுகள் கழித்தும் அது வரலாம்.

இனி நம் கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. வேலையில் விழுந்தவரின் விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. பாரத்தை எழுதும் பேனா பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. “வீட்டில் விழுந்தார்” என்று எழுதச் சொல்லும் மேலதிகாரிகளும் உண்டு. அப்படி எழுதிவிட்டால், பின்னால் மூட்டு நழுவினாலும் சீழ் பிடித்தாலும் அந்த அம்மாள் எதைக் காட்டிக் கேட்பார்? எழுத மறுங்கள், சங்கக் கிளைக்குச் சொல்லுங்கள்.

நிர்வாகத்தைக் கேட்பது இரண்டு. இடுப்பு மாற்றியவரின் லயத்து வீட்டில் உட்காரும் கழிவறையொன்று வைத்துத் தாருங்கள். டாக்டர் அனுமதிக்கும் வரை அவரைப் பழைய மேட்டு நிரைக்கு அனுப்பாமல் இலகு வேலை கொடுங்கள். அந்த அம்மாளுக்கு இன்றுவரை இரண்டும் கிடைக்கவில்லை.