முகத்துக்கு வெள்ளையடிக்காதீர்கள்

உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுங்கள். கடற்கரையில் எடுத்த பிள்ளைகள் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். குழந்தை வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, அழப்போகிற மாதிரி நிற்கும். இல்லையென்றால் ஃபிளாஷ் நேரே முகத்தில் அடித்து, மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழிகிற மாதிரி மின்னும். அப்புறம் ஸ்டூடியோக்காரர் கேட்பார்: 'கொஞ்சம் கலர் ஏத்திடலாமா சார்?' நாமும் 'பண்ணுங்க' என்போம். இப்போதெல்லாம் பல செல்போன்கள் கேட்காமலேயே ஏற்றிவிடுகின்றன.

எனக்கு ஆத்திரம் வருவது இந்தக் 'கலர் ஏத்தற' சமாசாரத்தில்தான்.

அதுவும் காரைக்காலில்! ஆனிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள். பிடிக்கக் கூட்டம் முட்டி மோதுகிறது. விழா யாருக்கு? 'இந்த அழகு வேண்டாம்' என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய புனிதவதிக்கு. சோழர் கால வெண்கலங்களில் அம்மையாரைப் பாருங்கள்: எலும்பும் நரம்புமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா ஊரிலும் அஞ்சு வயசுப் பெண்ணின் முகத்தை இரண்டு ஷேடு வெளுக்கிறோம். 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமே தன் பெயரிலிருந்து 'ஃபேரை' எடுத்துவிட்டது. நாம்தான் இன்னும் எடுக்கவில்லை.

கோளாறு தோலில் இல்லை சார், வெளிச்சத்தில். (ஃபிலிமிலும் கொஞ்சம் இருந்தது. கலர் சரிபார்க்க கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள்தான். அவள் முகம் ஒழுங்காக வந்தால் எல்லாம் ஒழுங்கு!)

காரைக்காலில் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், முகம் கரிக்கட்டை. சாயங்காலம் அதே இடத்தில் வெயில் நேராகக் கண்ணில். காலையில் எடுங்கள். ஸ்டேஷனரி கடையில் ஒரு தெர்மக்கோல் அட்டை வாங்கி, பிள்ளைக்கு முன்னால் சற்றே பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், அதே சூரியன் திரும்பி வந்து கன்னத்தில் விழும். தனி ஃபிளாஷ் இருந்தால் கேமராவிலிருந்து கழற்றி, நீள ஒயர் போட்டு, பக்கத்தில் தள்ளி வைத்து, விரித்துப் பிடித்த வெள்ளை வேட்டி வழியாக அடியுங்கள். பெரிய பரப்பிலிருந்து வருகிற வெளிச்சத்தில் நிழல் மென்மையாகும், எண்ணெய் மினுமினுப்பு அடங்கும். மாநிறம் மாநிறமாகவே, கருப்பு கருப்பாகவே ஜொலிக்கும். கடற்காற்றில் தெர்மக்கோல் பறக்கும். அண்ணனைப் பிடிக்கச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வான்.

வீட்டுச் சாமான்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். வானத்து வெளிச்சம் துணியிலிருந்து வந்தது. உலகமே பாராட்டியது.

ஒன்று மட்டும் வேண்டாம். பழைய ஃபிளாஷைப் பிரித்து உள்ளே கை விடாதீர்கள். அதிலுள்ள கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு ஏறும். பாட்டரியைக் கழற்றிய பிறகும் சார்ஜ் நிற்கும். ஈரக் கையோடு பிள்ளைகள் ஓடி வருகிற இடம்.

'அம்மாக்களே கேக்கறாங்க, நாங்க என்ன செய்ய?' என்பார்கள் ஸ்டூடியோக்காரர்கள். கேட்கிறார்கள்தான். ஆனால் அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுகிறோமே! பள்ளிக்கூடம் கிளம்பும் பெண் தினமும் அதைப் பார்க்கிறாள், பக்கத்திலிருக்கும் கண்ணாடியையும் பார்க்கிறாள். இரண்டில் எது தப்பு என்று நினைப்பாள், சொல்லுங்கள்? கண்ணாடியை மாற்ற முடியாது. பவுடரை அப்பிக்கொள்ள ஆரம்பிப்பாள்.

அடுத்த தடவை 'ஏத்திடலாமா?' என்று கேட்டால், 'வேணாங்க, எடுத்த மாதிரியே குடுங்க' என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் செல்போனில் 'பியூட்டி' என்று ஒரு பட்டன் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.