வீட்டு வாசலிலும் பதிலி வரிசை

மதுரை ஆரப்பாளையம் பக்கம் குடியிருந்த ஒரு தொழிலாளத் தோழரிடம், இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்து தரும்படி வீட்டுக்காரர் சொன்னார். மகனுக்குக் கல்யாணம், புது மருமகள் வரப் போகிறாள், மாடி வேண்டும் என்றார். நியாயமான காரணந்தான். தோழர் வீடு தேடக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் அவருடன் சென்றோம். கரிமேடு, பொன்னகரம், பெத்தானியாபுரம், செல்லூர் என்று நான்கு வாரம் நடந்தோம்.

நாலாவது வாரம் செல்லூரில் ஒரு வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்று சாக்கட்டியால் எழுதிய பலகை தொங்கியது. ஒரு அறை, ஒரு அடுப்படி. கக்கூஸ் மூன்று குடித்தனத்துக்கும் பொது. காலை ஒன்பது மணிக்கு நாம் போய்ச் சேர்வதற்குள் ஆறு குடும்பங்கள் வந்து நின்றன. வாடகை ரூ. 5,000, அட்வான்ஸ் ரூ. 50,000 என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். தோழர் சரி என்று தலையாட்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “அக்கா, நான் ஐயாயிரத்து ஐநூறு தர்றேன். அட்வான்ஸ் இப்பவே கையில இருக்கு.”

பலகை உள்ளே போயிற்று. கதவும் சாத்திக் கொண்டது.

அந்தக் குரலுக்கு உரியவர் யார்? பணக்காரரா? இல்லை. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். வீட்டுக்கார அம்மா மிராசுதாரணியா? அவரும் இல்லை. மில்லிலிருந்து கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்ட கணவரின் பணத்தில் கட்டிய இரண்டு அறைதான் அவருடைய சொத்து. அந்த வாடகையில்தான் மருந்துச் செலவு நடக்கிறது.

அப்படியானால் ஐநூறு ரூபாயைக் கூட்டியது யார்?

மில் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மில் கேட்டில் பதிலித் தொழிலாளர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். உள்ளே பத்து வேலை, வெளியே நூறு பேர். எந்தக் கூலிக்கும் வருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அன்று நூறு பேருக்கும் கூலி குறைகிறது. வயலிலும் அதே கதைதான். வெளியூர் ஆளைக் குறைந்த கூலிக்கு இறக்கினால் உள்ளூர் ஆளின் கூலியும் விழுகிறது. மில் வாசலில் குறைத்துக் கேட்கிறோம், வீட்டு வாசலில் கூட்டிக் கொடுக்கிறோம். இரண்டு வாசலிலும் உழைப்பாளியோடு உழைப்பாளிதான் மோதுகிறான்.

“நீங்க என்ன ஆளுக?”

பணம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. நாம் போன பல வீடுகளில் வாடகையைச் சொல்லுமுன் வந்த கேள்வி, “தம்பி, நீங்க என்ன ஆளுக?” என்பதுதான். அடுத்து, “கவுச்சி சாப்பிடுவீங்களா?” அதற்கடுத்து, “வீட்டில எத்தனை உருப்படி? தண்ணி ரொம்பச் செலவாகுமே?”

தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் முஸ்லிம் மக்களுக்கும் இந்த முதல் கேள்வியோடு கதவு மூடுகிறது. “வீடு பேசியாச்சு” என்று மரியாதையாகவே சொல்லி அனுப்புகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பலகை அங்கேயே தொங்குகிறது. இருக்கிற கொஞ்ச வீடுகளிலும் பாதி இவர்களுக்கு இல்லை என்றால், மீதிப் பாதிக்கு இவர்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சாதி பார்க்கும் வீட்டுக்காரரைக் கண்டிப்பது சரி. நம் தெருவில், நம் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு கதவு மூடும்போது நாம் வாய் திறந்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒத்தி என்னும் பொறி

வாடகைக்குக் கிடைக்காதவர் ஒத்திக்குப் போகிறார். மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த முறைதான் இது. மூன்று லட்சமோ நான்கு லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். கேட்பதற்கு இனிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிலாளி கையில் மூன்று லட்சம் ஏது? மனைவியின் நகையை அடகு வைப்பார். மீதிக்கு வட்டிக்கு வாங்குவார். மொத்தமும் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் ரூ. 6,000. வாடகைக்கு இருந்தால் அந்த வீட்டுக்கு ரூ. 5,000. வாடகையில்லாத வீடு என்று சொல்லி, வாடகையைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாக வட்டிக்கடையில் கட்டுகிறார்!

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ அது போய்விடுகிறது. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் நம் பணம் திரும்பும். அவர் வரும்வரை நாம் அந்த வீட்டைவிட்டு நகர முடியாது. அதற்குள் பாங்கிக் கடனுக்காக வீடு ஏலத்துக்கு வந்துவிட்டால்?

ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் ஒருவகை அடமானம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி, நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு, பதிவு செய்யப்பட வேண்டும். நடப்பில் என்ன? முத்திரைத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. பத்திர ஆபீஸ் வாசலை மிதிப்பதில்லை. ஆயுள் சேமிப்பைக் கொடுக்கிற இடத்தில் இந்த அலட்சியம் கூடாது. முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டின் பேரில் கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு பதிவு செய்யுங்கள். பதிவுக்கு மறுக்கிற இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சொந்த வீடு வாங்கினால் என்ன?

“சொந்தமாக ஒரு சென்ட் வாங்கிப் போடக் கூடாதா?” என்று புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நகருக்குள் நம் சக்திக்கு உட்பட்ட வீடு விலைக்கு வருவதே அபூர்வம். வருகிற ஒன்றிரண்டும் தரகர் வாயிலேயே கைமாறிவிடுகின்றன. நகரத்துக்கு வெளியே பார்ப்போம். மேலூர் சாலையிலும் திருமங்கலம் சாலையிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் கல் ஊன்றிய பிளாட்டுகள். முன்பு அவை நெல் விளைந்த நிலங்கள். அங்கே நாற்று நட்ட பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள் நட்ட வயலில் ஊன்றிய கல்லின் விலையை அவள் பேரன் சம்பாதித்தாலும் கொடுக்க முடியாது. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழுவதற்கு முன்னே சுற்றுவட்டார நிலத்தின் விலை எழுந்துவிட்டது. கல் நாட்டினால் விலை ஏறுகிறது, சாலை போட்டால் விலை ஏறுகிறது. ஜனங்களின் வரிப் பணத்தில் போட்ட சாலையின் லாபம் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவனுக்குச் சேருகிறது.

வீடே நாட்டில் இல்லையா? 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்திய நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தன. அடுத்த வருஷம், 2012ல், மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு கணக்கெடுத்தது. நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடுகளுக்கு மேல் பற்றாக்குறை, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும்தான் என்று சொல்லிற்று. அந்தப் பற்றாக்குறையில் ஐந்தில் நான்கு பங்கு, போதிய அறையில்லாத வீட்டில் நெருக்கியடித்துக் கிடப்பது. வாங்கிப் பூட்டி வைக்கிறவனுக்கு வீடு ஒரு முதலீடு. படுக்க இடமில்லாதவனிடம் அதற்கு விலை இல்லை. எங்கெல்ஸ் 1872ல் வீட்டுப் பிரச்னையைப் பற்றித் தனியே எழுதினார். நூற்றைம்பது வருஷம் கழிந்தும் செல்லூர்ச் சந்தில் அதே பிரச்னை நிற்கிறது.

மில் முதலாளிகள்கூட ஒரு காலத்தில் இதை உணர்ந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்களின் மதுரை மில், திருப்பரங்குன்றத்துக்கு அருகே தொழிலாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பை அமைத்தது. ஹார்விபட்டி என்ற பேர் இன்றும் இருக்கிறது. 2011ல் அது மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு ஆள் வந்து சேர வேண்டுமே என்ற கணக்கு அதில் இருந்தது. இன்றைய மில் முதலாளிக்கு அந்தக் கணக்கும் தேவையில்லை. கிராமத்துக்கு வேன் அனுப்பிக் காண்டிராக்ட் ஆளைக் கொண்டு வருகிறார், ஷிப்ட் முடிந்ததும் கொண்டு போய் இறக்கிவிடுகிறார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

யுத்த காலத்து வீட்டுப் பஞ்சத்தில் பிறந்தது வாடகைக் கட்டுப்பாடு. அது 1946லும் 1949லும் சட்டமாகி, 1960ல் விரிவான சட்டமாயிற்று. ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கக் கோரும் உரிமை அதில் இருந்தது. காரணம் காட்டாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. வழக்குகள் வருஷக் கணக்கில் இழுத்தன என்பதும் உண்மை. பயந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017ல் நிறைவேற்றிய புதுச் சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் அமலாக்கினார்கள். இனி வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை. பூட்டிய வீடுகள் திறக்கும், வாடகை இறங்கும் என்றார்கள். இறங்கியதா? உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

புதுச் சட்டத்திலும் நமக்கு உதவுகிற ஷரத்துகள் உண்டு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை நெருக்கக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் அந்த ஷரத்தின் வாசலிலேயே ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள்: ‘வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று! வீடில்லாமல் நிற்பவன் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் கையெழுத்துப் போட மாட்டான்? பத்து மாத அட்வான்ஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது.

சங்கம் நிறைவேற்றிய சட்டங்கள்

சட்டம் தானாக நம் பக்கம் வந்ததில்லை. தஞ்சை வயல்களில் விவசாயத் தொழிலாளி மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டு இருந்தான். கூலி உயர்வு கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். செங்கொடியின் கீழ் அவர்கள் வருஷக் கணக்கில் போராடினார்கள். 1971ல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. காலடி மண் சொந்தமானதும் கூலி கேட்கும் வாய்க்கும் பலம் வந்தது.

ஹார்விகளின் நாடான ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைப் பாருங்கள். 1915ல் யுத்த வேலைக்காகத் தொழிலாளர்கள் அங்கே குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையைக் கூட்டினார்கள். மேரி பார்பர் என்ற தொழிலாளி வீட்டுப் பெண்மணியின் தலைமையில் பெண்கள் ஒன்றுகூடி, கூட்டிய வாடகையைத் தர மாட்டோம் என்று ஜன்னல்களில் எழுதி ஒட்டினார்கள். வெளியேற்ற ஆள் வந்தால் மணி அடிப்பார்கள், தெருவே திரண்டு மாவை வாரி இறைத்து விரட்டும். அந்த நவம்பரில் கப்பல் கட்டும் தொழிலாளர்களும் வேலையை விட்டு அவர்களோடு கோர்ட்டுக்கு முன் வந்து நின்றார்கள். வருஷம் முடிவதற்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவிலேயே நிறுத்திச் சட்டம் போட்டது. அந்தத் தெருவில் ஐநூறு கூட்டித் தருகிறேன் என்று ஒருவரும் பின்னாலிருந்து குரல் கொடுக்கவில்லை. வெற்றியின் ரகசியம் அதுதான்.

என்ன கேட்போம், என்ன செய்வோம்?

அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் எந்த ஒப்பந்தத்தின் பேராலும் கூடாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். உழைப்பாளிகளின் ஒத்திப் பத்திரத்துக்குப் பதிவுக் கட்டணத்தை நீக்க வேண்டும். சர்க்கார் நிலத்தில், நகருக்குள்ளேயே, வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் வீடு கட்ட வேண்டும். ராஜாக்கூர் போலத் தொலைவில் கொண்டுபோய் வைத்தால் கூலியில் பாதி பஸ்ஸுக்குப் போகும். கிராமத்தில் வீடு கட்ட மானியம் உண்டு என்கிறார்கள். மனைக்குப் பட்டா இல்லாதவனுக்கு மானியம் எட்டாக் கனி. ஆகவே முதலில் பட்டா!

சிறு வீட்டுக்காரர் நம் பகைவர் அல்ல. அவருடைய மருந்துச் செலவுக்குப் பென்ஷன் கேட்பதும் நம் கோரிக்கைதான். வேலைக்குச் சங்கம் வைத்த நாம், குடியிருக்கும் தெருவிலும் குடித்தனக்காரர் சங்கம் வைப்போம். எந்த வீடு காலியாகிறது, என்ன வாடகை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஒரு வீட்டுக்குப் போட்டி வந்தால், அதிக நாள் தேடியவருக்கு விட்டுக் கொடுப்போம். சாதி கேட்டுக் கதவை மூடினால் தெருவோடு போய் நியாயம் கேட்போம்.

நம் தோழருக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அவகாசத்தில் மூன்று வாரம் பாக்கி இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணிக்குப் போய், ஐநூறு கூட்டிக் கொடுத்த அந்த மூட்டைத் தொழிலாளியைப் பார்த்தோம். சண்டை போட அல்ல. “எனக்கும் வேற வழி தெரியலண்ணே” என்றார். சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பின் சந்தில் ஒரு போர்ஷன் காலியாகப் போகிறதாம். அதை அவரே பேசி வைக்கிறாராம், பழைய வாடகைக்கே.