பனி உலரும் நேரம் போதும்



தை பிறந்ததும் சம்பா அறுவடைக்கு வண்டிகள் வந்துவிட்டன. என்னிடம் படித்தவர்களில் சிலர் அந்த வண்டியை ஓட்டுகிறீர்கள், பலர் வாடகைக்குப் பிடிக்கிறீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன வாரம் இடையஞ்சாவடியில் எங்கள் நிலத்தில் இறங்கிய வண்டி கரும்புகை கக்கியது. கனத்த பயிரில் இழுவையே இல்லை. ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி ஆனது. மணிக்கணக்கு வாடகை, கூடுதல் அரை மணியும் என் தலையில். கடைசியில் டிரைவர் தம்பி ஏர் ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் பிரீகிளீனரைத் திறந்தார். கிண்ணம் நிறையப் புழுதியும் வைக்கோல் தூசும்!

பிரீகிளீனர் பெரிய வித்தை இல்லை. திருவிழா ராட்டினம் சுற்றும்போது தொட்டில்கள் வெளிப்பக்கம் போகுமே, அதே பாடம்தான். உள்ளே போகும் காற்றைச் சுழற்றுகிறது. கனமான தூசு ஓரம் ஒதுங்கிக் கிண்ணத்தில் விழுகிறது. மிச்சத்தை ஃபில்டர் பிடிக்கிறது. கிண்ணம் நிரம்பினால் எல்லாத் தூசும் ஃபில்டருக்கே போகும். இன்ஜினுக்கு மூச்சு முட்டும், டீசல் வீணாகும். நெல் உமியில் மணலில் உள்ள அதே சிலிக்கா நிறைய உண்டு. அது உள்ளே புகுந்தால் பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். நம் பக்கம் செம்மண் புழுதியோடு உப்புக் காற்றின் ஈரமும் சேர்வதால் தூசு அப்பிக்கொள்ளும்.

டிரைவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மழை வருது, சீக்கிரம் இறங்கு" என்று விரட்டுவது நாம்தானே? ஒரு வயல் முடியுமுன் அடுத்தவர் வரப்பில் நிற்கிறார். அவர் எப்போது மூடியைத் திறப்பார்?

நேரம் இருக்கிறது. காலையில் பனி உலரும்வரை எப்படியும் கதிரில் வண்டி இறங்காது. அதில் பத்து நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்தி, கிண்ணத்தைக் கொட்டித் துடைத்து மாட்டுங்கள். தூசு அதிகமான நாளில் மதியமும் ஒரு முறை பாருங்கள். ஃபில்டரை டயரில் தட்டாதீர்கள். தாள் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். காற்றடித்தால் மெதுவாக, உள்ளிருந்து வெளியே. ஃபில்டர் இல்லாமல் ஒரு வயல்கூட ஓட்டாதீர்கள்.

வாடகைக்குப் பிடிப்பவர்களே, மணிக்கு எவ்வளவு என்று கேட்கும்போதே "கிண்ணம் கொட்டியாச்சா தம்பி?" என்றும் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள். அது நம் காசையும் காக்கும்.

வண்டி ஓட்டும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். இப்போது நீங்கள்தான் எனக்கு வாத்தியார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்