கழிக்கும் உரிமை யாருக்கு?

ஆய்க்குடி போன்ற ஊரில் ஒரு கிறிஸ்தவச் சபையின் நூலகம் என்பது பெரும்பாலும் ஓரிரு பீரோக்கள்தான். சாரல் காலத்து ஈரமும் கரையானும் தின்றது போக மிஞ்சியவற்றில், ஒன்றுக்கு மூன்றாகச் சேர்ந்துவிட்ட படிகளையும் காலங்கடந்த கையேடுகளையும் கழித்துத்தான் ஆகவேண்டும். அதில் குற்றமில்லை. ஆனால் புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் தாமே முடிவுசெய்து, மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவதை நிர்வாகம் என்று நாம் ஏற்க இயலாது.

காக்கத் தவறிய நூல் கைவிட்டுப் போகும் என்பதற்குச் சான்று அருகிலேயே உண்டு. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் இருக்கிறது கொல்லம். 1578-இல் அங்கே அச்சான, 16 பக்கமே கொண்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது. அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யாருடைய செபத்துக்காக அச்சிடப்பட்டதோ, அந்த மக்களிடம் அது தங்கவில்லை.

இடத்துக்காக அல்லாமல் கருத்துக்காகக் கழிப்பது இதனினும் பெரிய தவறு. மாற்றுச் சபையார் எழுதியது, சாதியைக் கேள்வி கேட்பது, விசுவாசத்தைக் குலைக்கும் என அஞ்சப்படுவது எல்லாம் இப்படித்தான் வெளியேறுகின்றன. 1559-இல் தொடங்கிய தடை நூல் பட்டியலைக் கத்தோலிக்கத் திருச்சபையே 1966-இல் கைவிட்டுவிட்டது. ரோமாபுரி துறந்த அதிகாரத்தை ஓர் ஊர்ச் சபையின் கமிட்டி கையிலெடுக்கலாகாது.

மனத்தைப் புண்படுத்தும் நூலை என்ன செய்வது என்று கேட்கலாம். நெல்லைச் சீமைக்கு இது புதிய கேள்வி அல்ல. நாடார் மக்களைத் தாழ்த்தி மிஷனரி கால்டுவெல் 1849-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலை அவர்கள் மறக்கவில்லை; வாசித்தார்கள், மனுக்களும் மறுப்பு நூல்களும் எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான, மிஷனரிகளோடு முரண்பட்ட சட்டாம்பிள்ளை 1857-இல் தனிச் சபையே கண்டார். அந்த நூலை இன்று அலமாரியிலிருந்து அகற்றினால் தப்புவது எழுதியவர்தான். எதிர்த்து நின்றவர்களின் வழக்கு சான்றிழந்து போகும்.

எனவே கழிக்கப்படும் ஒவ்வொரு நூலின் பெயரும் காரணத்தோடு சேகரக் கமிட்டியின் குறிப்பேட்டில் ஏற வேண்டும். பட்டியல் ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கப்பட வேண்டும். நூலை அன்பளித்த குடும்பத்துக்குத் திருப்பிக் கேட்க உரிமை இருக்க வேண்டும். 1947-க்கு முன் அச்சான எதுவும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேட்காமல் வெளியே போகக்கூடாது. அந்தக் கடிதத்தை எழுதவேண்டியவர் சேகரகுரு. அவர் எழுதவில்லையென்றால், ஏன் என்று சபையார் கேட்டே தீரவேண்டும்.