இருபதில் நிற்க மறுத்த குரல்

ஹிப்ஹாப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் அது பாட்டே இல்லை என்பார்கள். அவர்களோடு எனக்கு இப்போது வழக்கில்லை. மறு சாரார் கேட்டவர்கள், ரசித்தவர்கள். நாஸ் என்ற பெயரைச் சொன்னதும் ‘இல்மேட்டிக்’ என்று கண்களை மூடிக்கொள்வார்கள். பிற்பாடு வந்த தொகுப்புகளைப் பற்றி வாய் திறந்தால், ‘அதற்கப்புறம் என்ன இருக்கிறது?’ என்று கதவைச் சாத்திவிடுவார்கள். என் வழக்கு இவர்களோடுதான்.

‘இல்மேட்டிக்’கின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. 1994 ஏப்ரலில் அது வெளிவந்தபோது நாஸுக்கு வயது 20. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அமெரிக்காவின் மிகப்பெரிய அரசுக் குடியிருப்பான நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜில் வளர்ந்தவர். அந்தக் குடியிருப்பின் வாழ்வும், சிறைப்பட்ட நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களும் 40 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இயைபு அடியின் இறுதியில் மட்டும் நில்லாமல் அடிக்குள்ளேயே பின்னிப் பின்னிச் செல்லும் அந்த நடைக்கு ஈடு குறைவு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2021இல் தனது தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது நியாயமே.

ஆனால் அதில் பேசுகிறவன் யார்? ஒரு சாட்சி. கண்ணால் கண்டதைத் துல்லியமாகச் சொல்லும் சாட்சி. தன்னை அவன் விசாரிப்பதில்லை. இருபது வயதில் யார்தான் விசாரிக்கிறார்கள்?

இடையில் சறுக்கல் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. 1999இல் வந்த ‘நாஸ்ட்ரடாமஸ்’ அவசரத்தில் அள்ளிக் கட்டிய மூட்டை. 2001இல் ஜே-ஸி பகிரங்கமாகப் பாட்டிலேயே பரிகசித்தார். அவ்வாண்டு டிசம்பரில் ‘ஸ்டில்மேட்டிக்’ வந்தது. ரசிகர்கள் அதில் வசைக்கு வசை கொடுத்த ‘ஈத்தர்’ பாட்டையே இன்றும் கொண்டாடுகிறார்கள். நானோ அதே தொகுப்பிலுள்ள ‘ரீவைண்ட்’ பாட்டைச் சொல்வேன். ஒரு கொலைக்கதை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓடுகிறது. உடலில் பாய்ந்த தோட்டா துப்பாக்கிக்குள் திரும்பிப் போகிறது. வெறும் உத்தி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடவாததாக்க முடியாதா என்று ஏங்கும் வயது ஒன்று உண்டு. இருபது வயதுக்காரனுக்கு அந்த ஏக்கம் வராது.

2002இல் தாய் ஆன் ஜோன்ஸ் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில் வந்த ‘காட்ஸ் சன்’ தொகுப்பில், தாயோடு இன்னும் ஒருமுறை நடனமாட விரும்பும் மகனின் பாட்டு இருக்கிறது. வீரம் பேசிய வாய் கையறுநிலை பேசுகிறது. தந்தை ஒலு டாரா ஜாஸ் கலைஞர். ‘இல்மேட்டிக்’கின் ஒரு பாட்டின் இறுதியில் அவருடைய கார்னெட் மட்டும் ஒலிக்கும்; அங்கே அவருக்குச் சொல் இல்லை. பத்தாண்டு கழித்து, 2004இல், ‘பிரிட்ஜிங் தி கேப்’ பாட்டில் தந்தை ப்ளூஸ் பாடுகிறார், மகன் அவரைப் பாடுகிறான். தான் தோன்றியாக வந்ததாகக் காட்டிக்கொள்வது இளமையின் மிடுக்கு. தனக்கு முன் ஒரு மரபு இருந்ததென்று ஒப்புக்கொள்ள வயதாக வேண்டியிருக்கிறது.

2012இல் ‘லைஃப் இஸ் குட்’. மணமுறிவுக்குப் பின் வந்த தொகுப்பு. அட்டையில் வெள்ளை உடையில் அமர்ந்திருக்கும் நாஸின் மடியில், பிரிந்துபோன மனைவி கெலிஸின் பச்சை நிறத் திருமண உடை கிடக்கிறது. உள்ளே, மகள் இணையத்தில் இட்ட ஒரு படத்தால் தலைகுனிந்த தந்தை, நான் எந்தத் தகுதியில் கண்டிப்பேன் என்று திகைக்கிறான். சாட்சிக் கூண்டில் நின்றவன் குற்றவாளிக் கூண்டுக்கு இடம் மாறியிருக்கிறான். முதிர்ச்சி என்று நான் சொல்வது இந்த இடமாற்றத்தைத்தான். கோபம் தணியவில்லை, அது தன் பக்கமும் திரும்பியிருக்கிறது.

‘நல்ல கருத்து’ சொல்வதையே முதிர்ச்சி எனப் புகழ்வோரும் உண்டு. அவர்களுக்கும் நான் உடன்பட மாட்டேன். சிறுவர் குழுவோடு, படித்தால் முன்னேறலாம் என்று பாடும் ‘ஐ கேன்’ நல்லெண்ணம் மிக்கது; கவிதை என்ற அளவில் அது பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு. அறிவுரை கூறுபவன் பத்திரமான இடத்தில் நிற்கிறான்.

2018இல் கெலிஸ், மண வாழ்வில் தன்னை நாஸ் அடித்ததாகக் குற்றம் சாட்டினார், நாஸ் மறுத்தார். இதைச் சொல்லாமல் மணமுறிவுப் பாட்டுகளைப் புகழ்வது நேர்மையாகாது. பாட்டில் தென்படும் முதிர்ச்சி பாடியவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடாது. கூண்டில் ஏறியவன் முழு வாக்குமூலம் தந்தான் என்றும் பொருளில்லை. அப்பாட்டுகளை இனி இந்தச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். கேட்காமல் இருக்க அது காரணமாகாது.

நண்பர்களே, யேட்ஸின் முதுமைக் கவிதைகளை நாம் வரிவரியாகப் பாராட்டுகிறோம். இளமைக்காலக் காதல் கவிதைகளோடு அவர் நின்றிருக்கக் கூடாதா என்று எவரும் கேட்பதில்லை. ராப் பாடகனிடம் மட்டும் ஏன் அப்படிக் கேட்கிறோம்? ஏழைக் குடியிருப்பின் இளைஞன் ஆவேசமாகப் பேசும்வரை அவன் நமக்கு நல்ல காட்சி. அவன் தலை நரைத்து, தாயை இழந்து, மணவாழ்வில் தோற்று, மகள் முன் நாணி நிற்கும்போது நம்மைப் போன்ற ஒருவனாகிவிடுகிறான். அந்தச் சமத்துவம்தான் நமக்குச் சகிக்கவில்லை. அதற்கு நாம் வைத்திருக்கும் நாகரிகமான பெயர் ‘சரிவு’.