பால்கோவா லைனும் பரோட்டா லைனும்

"அது டாப் மாடல்ல மட்டும்தான் சார் வரும்." கார் வாங்கப் போனவங்க எல்லாரும் ஷோரூம்ல கேட்டிருக்கற வசனம் இது. சைடு ஏர்பேக் வேணும், சன்ரூஃப் வேண்டாம்னா பல மாடல்ல நடக்காது. ஏன்னு கேட்டா, "ஃபேக்டரில ஆளுக்கொரு மாதிரி செய்ய முடியுமா?"ன்னு பதில். அது பாதி உண்மைதான்ங்கறது என் கட்சி.

எங்க ஊர்ப்பக்க உதாரணமே சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரே சரக்கு. கிண்டி இறக்கி, எடை போட்டுக் கொடுத்தா முடிஞ்சது. ஹென்றி ஃபோர்டு 1914லேர்ந்து 1925 வரை மாடல் டி காரை கறுப்புல மட்டும் வித்தது இந்த ரகம். அங்கேர்ந்து 10-12 கிலோமீட்டர் தள்ளி, ராத்திரி ராஜபாளையம் பரோட்டா கடைக்கு வாங்க. கல்லு ஒண்ணு. ஆர்டர் மட்டும் சாதா, முட்டை, கொத்துன்னு கலந்து வரும். மூணு கொத்தை அடுத்தடுத்துப் போட்டா மத்த டேபிள்ல சத்தம் கிளம்பிடும். அதனால மாஸ்டர் நடுநடுவே சாதாவைச் சொருகுவார்.

இன்னிக்குக் கார் லைனும் இதேதான். பெயிண்ட் அடிச்ச ஒவ்வொரு பாடியோடயும் எந்த எஞ்சின், எந்த வயரிங், எந்த சீட்டுங்கற விவரம் கூடவே போகும். அதே வரிசைல பாகங்களும் லைனுக்கு வந்து சேரும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இத்தனை நேரம்னு கணக்கு. சன்ரூஃப் வண்டிக்கு வேலை அதிகம்ங்கறதால ரெண்டுக்கு நடுவுல சாதா வண்டிகளை விடுவாங்க. இந்த வரிசையைப் போடறது லேசுப்பட்ட கணக்கு இல்ல. பிரான்ஸ்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் சங்கம் 2005ல நடத்தின போட்டிக்கு ரெனோ கம்பெனி கொடுத்த கேள்வியே இதுதான் :-)

சரி, உண்மையான பாதி எது? 10 ஆப்ஷன், ஒவ்வொண்ணும் வேணும்/வேண்டாம்னு வெச்சா 1024 வகை கார். எந்தப் பாகத்தை எவ்வளவு ஆர்டர் பண்றது, எதை ஸ்டாக் வெக்கறது? அதனால நாலஞ்சு வேரியன்ட்டா கட்டி விக்கறாங்க. நியாயம்தான்.

ஆனா ஏர்பேக் விஷயத்துல இந்தக் கணக்கு அப்படியே திரும்பிடுது. எல்லா வண்டிலயும் சைடு ஏர்பேக் போட்டா அது ஆப்ஷனே இல்ல. 1024 பாதியா குறைஞ்சு 512. அதுக்காக ரெண்டு வித சீட்டு, ரெண்டு வித வயரிங் வேண்டாம். லைனுக்கு வேலை சுலபம். அப்ப தடுக்கறது லைன் இல்ல, விலை போடற ஆபீஸ்.

முன்னாடி ரெண்டு ஏர்பேக் எல்லாக் கார்லயும் வந்தது 2021 கடைசில, அதுவும் சட்டம் போட்டதால. 6 ஏர்பேக்குக்கு 2022ல வரைவு வந்தது. 2023ல அமைச்சர் கட்காரி கட்டாயமாக்கப் போறதில்லைன்னுட்டார். அடுத்த மாசமே, அக்டோபர் 2023ல, நம்ம இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தன்னோட எல்லா மாடல், எல்லா வேரியன்ட்லயும் 6 ஏர்பேக்னு அறிவிச்சது. ஆக, முடியாத காரியம் இல்ல.

திருமங்கலம்-கொல்லம் ரோட்டுல பேஸ் மாடலும் டாப் மாடலும் ஒரே லாரிக்கு எதிர்லதான் போகுது. சன்ரூஃபையும் அலாய் வீலையும் காசுக்கேத்த மாதிரி வித்துக்கோங்க. ஏர்பேக்கை அந்த லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க சாமி.